பெயரை நீக்கினால் போதுமா?

ஒரு மருத்துவப் பதிவிலிருந்து பெயரையும் தொலைபேசி எண்ணையும் அழித்துவிட்டால், அது யாருடையது என்று இனி எவருக்கும் தெரியாது எனப் பலரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில ஊழியர்களின் மருத்துவத் தரவு பெயரின்றி ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டபோது, அப்போது மாணவியாக இருந்த லடான்யா ஸ்வீனி, அதிலிருந்த பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை விலைக்குக் கிடைத்த வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே அடையாளம் கண்டார்.

ஆகவே பிறந்த தேதிக்குப் பதிலாக வயதுப் பிரிவை மட்டும் வைத்திருப்பதும், அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை மறைப்பதும் அவசியமாகின்றன. பெயருக்குப் பதில் ஒரு குறியீட்டு எண்ணை இட்டு, இரண்டையும் இணைக்கும் அட்டவணையைத் தனியே வைத்திருப்பது இதைவிடப் பலவீனமான ஏற்பாடு. அத்தகைய தரவை ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் தனிநபர் தரவாகவே கருதுகிறது.

அந்த அட்டவணையையும் பதிவுகளையும் யார் திறக்கலாம் என்பதை, அவரவர் பணிக்கேற்ப அனுமதி தரும் பொறுப்புவாரி அணுகல் கட்டுப்பாடு தீர்மானிக்கிறது. வரவேற்பாளருக்குச் சந்திப்பு நேரமும், மருத்துவருக்கு நோய் விவரமும், கணக்காளருக்குக் கட்டணமும் தெரிந்தால் போதும். ஏட்டளவில் இது எளிது. நடைமுறையிலோ, பிரிவு மாறிய ஊழியரிடம் பழைய அனுமதிகள் அப்படியே தங்கிவிடுகின்றன. அவசரத்துக்கென்று கொடுத்த நிர்வாகி உரிமையைத் திரும்பப் பெற யாருக்கும் நினைவிருப்பதில்லை. பொறுப்பு மாறும் அன்றே பழைய அனுமதி தானாக ரத்தாக வேண்டும் என்பதிலும், யார் எந்தப் பதிவை எப்போது திறந்தார் என்ற விவரம் அவரே திருத்த முடியாத இடத்தில் சேமிக்கப்பட வேண்டும் என்பதிலும் நான் எந்தச் சமரசத்தையும் ஏற்பதில்லை.