முருங்கைத் தோட்டத்திற்குச் சொட்டுநீர் அமைத்த அனுபவம்

ஒட்டன்சத்திரத்திற்கு அருகே இரண்டு ஏக்கர் செம்மண் நிலத்தில் செடிமுருங்கை வைத்திருக்கிறோம். கோடையில் அரை மணி நேரத்திலேயே கிணற்றில் தண்ணீர் இறங்கி, மோட்டார் காற்று வாங்கத் தொடங்கிவிடும். வாய்க்காலில் விட்ட தண்ணீரில் பாதி, கடைசி வரிசையை எட்டும் முன்பே மண்ணில் சுவறிவிடும். மரங்கள் காய்வதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் சொட்டுநீர்ப் பாசனத்திற்கு விண்ணப்பிக்க முடிவு செய்தேன்.

சிறு, குறு விவசாயிகளுக்கு 100 விழுக்காடு, மற்றவர்களுக்கு 75 விழுக்காடு மானியம் என்று தோட்டக்கலைத் துறையில் விளக்கினார்கள். சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார் எல்லாம் கைவசம் இருந்தன. ஆனால் பட்டா என் பெயரிலும் சித்தப்பா பெயரிலும் கூட்டாக இருந்ததால், சிறு விவசாயி சான்று கிடைக்கவில்லை. நிலத்தை அளந்து, உட்பிரிவு செய்து, தனிப்பட்டா வாங்குவதற்குள் மூன்று மாதங்கள் ஓடிவிட்டன. விண்ணப்பிக்க நினைப்பவர்கள் முதலில் பட்டாவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

குழாய் பதிக்கும் வேலை இரண்டே நாளில் முடிந்தது. ஏக்கருக்கு 640 மரங்கள், மரத்திற்கு மணிக்கு 4 லிட்டர் விடும் ஒரு சொட்டுவான் என்ற கணக்கில், ஒரு ஏக்கருக்கு மணிக்கு 2,560 லிட்டர் போதும். வால்வு வைத்து ஒவ்வொரு ஏக்கராகப் பாய்ச்சியதால், கிணற்றின் ஊற்று அதற்கு ஈடுகொடுத்தது.

நான்காவது மாதத்தில் கடைசி வரிசை மரங்களில் இலை பழுத்துப் பூ உதிர்ந்தது. நோய் என்று எண்ணி மருந்து அடிக்கப் போனவன், ஏதோ தோன்றி ஒரு சொட்டுவானுக்கு அடியில் பாத்திரத்தை வைத்தேன். கால் மணி நேரத்தில் 1 லிட்டர் சேர வேண்டிய இடத்தில் அரை லிட்டர்கூடச் சேரவில்லை. சொட்டுவானைப் பிடுங்கிப் பார்த்தால், துளையைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்மையாக உப்பு படிந்திருந்தது.

தோட்டக்கலை அலுவலர் சொன்ன அளவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கலந்து குழாய்களில் செலுத்தி, 24 மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு முனைமூடிகளைத் திறந்துவிட்டேன். கலங்கலாக வந்த தண்ணீர் சற்று நேரத்தில் தெளிந்தது. கலக்கும்போது அமிலத்தைத்தான் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் முகத்தில் தெறித்துவிடும் என்பதை அவர் இருமுறை சொல்லி அனுப்பியிருந்தார்.

இப்போது வாரம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுகிறேன். மாதம் ஒருமுறை முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் பாத்திரம் வைத்து அளக்கிறேன். இரண்டு அளவும் ஒத்துவராத மாதத்தில், முனைமூடிகளைத் திறந்து குழாய்களைக் கழுவிய பிறகே பாசனம்.