கஞ்சிக்குக் காசு தேடிய கதை

2022 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அம்மன் கோயிலில் பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லிக்கொடுக்கும் அறநெறிப் பாடசாலையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். தேத்தண்ணி என்றாள். சீனியும் இல்லையாம்.

எங்கள் ஊர் இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறது, வயலை நம்பிய ஊர். 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியது. அடுத்த பெரும்போக நெல் அறுவடையில் பல வயல்கள் வெட்டுக்கூலிக்குக்கூடக் கட்டவில்லை. அதோடு அரிசி விலையும் மண்ணெண்ணெய் விலையும் ஏறின. பிள்ளைகள் படிக்க வந்தது எங்களை நம்பித்தான். வெறும் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் மூன்று வாரமும் ஆசிரியர்கள் நாங்கள் நால்வரும் கைக்காசு போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். அதற்கு மேல் முடியவில்லை. கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் ஐயாவிடம் போனேன். வைகாசிச் சடங்கு அப்போதுதான் முடிந்திருந்தது, கோயிலில் கொஞ்சம் காசு இருந்தது. அவர் சொன்னார்: “புள்ள, அது அம்மனுக்கெண்டு சனம் தந்த காசு. அதில கை வைக்க எனக்கு உரிமையில்ல. ஆனா மடைப்பள்ளி, பாத்திரம், விறகு எல்லாம் உங்கட எண்டு நினைச்சுக்கொள்ளுங்க.” அன்று ஏமாற்றமாக இருந்தது. அவர் தந்தது எவ்வளவு பெரிய உதவி என்று விண்ணப்பம் எழுதும்போதுதான் விளங்கியது.

முதல் விண்ணப்பத்தை ஒரு வெளிநாட்டுச் சிறு நிதிக்கு அனுப்பினேன். மண்டபக் கூரை, பண்ணிசை வகுப்பு, கஞ்சி, மாலை நேரக் கணித வகுப்பு, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: சமய நடவடிக்கைகளுக்கு உதவ முடியாது. கோயில் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இரண்டு நாள் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை.

என்னோடு படித்த ஒருத்தி நகரத்தில் ஒரு மெதடிஸ்த போதகரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர்களின் சபை பல வருடமாக முன்பள்ளி நடத்துகிறது. என் விண்ணப்பத்தை முழுவதும் வாசித்துவிட்டு அவர் சொன்னார்: “தங்கச்சி, அவங்கள் கோயில் வேணாம் எண்டு சொல்லயில்ல. இந்தக் கஞ்சியை எந்தச் சமயத்துப் பிள்ளையும் வந்து குடிக்கலாமா எண்டு கேக்கிறாங்கள். எங்களிட்டயும் இதைத்தான் கேக்கிறவங்கள்.” பிறகு ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தார். கூரையும் பண்ணிசையும் ஒரு பக்கம்: அது ஊர்ச் சனத்தின் காசில் நடக்க வேண்டியது. கஞ்சியும் மாலை வகுப்பும் மறுபக்கம்: அதற்குத்தான் வெளியில் கேட்கலாம்.

எழுத்தில் பிரிப்பது சுலபம், நடைமுறையில் பிரிக்கத்தான் கஷ்டப்பட்டோம். அதுவரை பிரார்த்தனை முடிந்த பிறகே கஞ்சி கொடுத்தோம். முதலில் கஞ்சி, பிறகு விரும்பியவர்களுக்குப் பிரார்த்தனை என்று மாற்றலாம் என்றேன். எங்கள் மூத்த ஆசிரியை அக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. “கும்பிடாமல் சாப்பிடப் பழக்குவதா?” என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் வேலிக்கு வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டிருந்தேன். அதைச் சொன்னேன். அடுத்த ஞாயிறு அக்காவே அவர்களைக் கைபிடித்துக் கூட்டிவந்தார்.

அப்புறம் பதிவு. அறநெறிப் பாடசாலை இந்து சமய, கலாசார அலுவல்கள் திணைக்களத்தில் பதிவாகியிருந்தது, பாடநூல்கள் வந்தன. ஆனால் வெளிக்காசு வாங்கத் தனிச் சங்கம் தேவைப்பட்டது. சங்கத்தின் விதிகளான யாப்பை எழுதி, பொதுக்கூட்டம் வைத்து, தலைவர், செயலாளர், பொருளாளரைத் தெரிவுசெய்து, கூட்டறிக்கையோடும் கிராம சேவகரின் கடிதத்தோடும் அலைந்தேன். கோயில் சபை இருக்கும்போது இன்னொரு சங்கம் எதற்கு என்று ஓர் அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். பெட்ரோல் இல்லாத காலம். மண்முனைப் பாலத்தால் சைக்கிளில்தான் போய் வந்தேன். நான்காம் தடவை கணக்கைத் தனியாக வைக்கும் காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், எடுத்தார்கள். இரண்டு பேர் கையெழுத்து வைத்தால்தான் காசு எடுக்கலாம் என்று வங்கிக் கணக்கும் திறந்தோம்.

எங்கே எதைக் கேட்பது என்பதையும் தட்டித் தட்டித்தான் படித்தேன். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு நிதி கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் பொருந்தும். சம்பளம், சாப்பாடு போன்ற தொடர்செலவுக்கு அதில் இடமில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் தன் மாவட்ட வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் கதிரை, பாத்திரம் கேட்கலாம். அவுஸ்திரேலியா, கனடா உயர்ஸ்தானிகராலயங்களிடமும் சிறு நிதிகள் உண்டு. சுவிஸில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் உடனே காசு அனுப்புவதாகச் சொன்னார். மயங்கி விழுந்த பிள்ளையின் படத்தை ஃபேஸ்புக்கில் போடக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளை நாளைக்கும் இதே ஊரில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். காரணத்தைச் சொன்னதும் விளங்கிக்கொண்டார், படம் இல்லாமலே ஆறு மாதம் காசு அனுப்பினார்.

அந்த ஆறு மாதக் கணக்கைக் காட்டித்தான் கொழும்பில் ஒரு அறக்கட்டளைக்கு எழுதினோம். 40 பிள்ளைகள், வாரம் 3 நாள், வருடத்தில் 48 வாரம். ஒரு கோப்பைக் கஞ்சிக்கு 90 ரூபாய்ப்படி 518,400 ரூபாய். உங்கள் பங்கு என்ன என்று ஒரு கட்டம் இருந்தது. வெறுமையாக விடப் போனேன், போதகர் தடுத்தார். மடைப்பள்ளி, பாத்திரம், வண்ணக்கர் தந்த விறகு, ஊர்வீட்டுத் தேங்காய், விடிய 4 மணிக்கு வந்து அடுப்பு மூட்டும் இரண்டு அம்மாமாரின் உழைப்பு, எல்லாவற்றையும் ரூபாயில் எழுதச் சொன்னார். கூட்டிப் பார்த்தால் நாங்கள் கேட்ட தொகையில் பாதிக்கு மேல் வந்தது. அந்த அம்மாமாருக்கு அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன்.

காசு கிடைத்தது, இரண்டு தவணையாக. முதல் தவணைக்குப் பற்றுச்சீட்டு காட்டினால்தான் அடுத்தது. கீரை விற்கும் ஆச்சியிடம் பில் புத்தகம் எங்கே இருக்கும்? வவுச்சர் கொப்பி ஒன்றில் திகதியும் தொகையும் எழுதி, அவவின் கைநாட்டை வாங்கினோம். அதை அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, ஆனால் முன்கூட்டியே கேட்டுவிட்டுத்தான் செய்தோம். இப்படி முயற்சிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: சந்தேகம் இருந்தால் செலவழிக்க முன்பே கேளுங்கள்.

இப்போது மடைப்பள்ளியை விட்டுத் தனியாக ஒரு சமையலறை கட்ட எழுதிக்கொண்டிருக்கிறோம். மூன்று விலைமனு வேண்டும். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது மேசன் செவ்வாய்க்கிழமை வந்து நிலத்தை அளப்பதாகச் சொல்லியிருக்கிறார்.