வகுப்பு அலமாரியும் ஒரு மானின் கதையும்

மலேசியாவில், பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆண்டு 2 பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எங்கள் வாசிப்பு மூலையில் பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ், சீனப் பெருநாள் புத்தகங்கள் எல்லாம் கிழியும் அளவுக்குப் புரட்டப்பட்டிருந்தன. இஸ்லாம் பற்றி ஒன்றுகூட இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கொஞ்சம் பணம் ஒதுக்கியதும் தலைமையாசிரியரிடம் கேட்டேன். "வாங்குங்க டீச்சர், ஆனா போதனை மாதிரி இருக்கக்கூடாது" என்றார். நியாயமான நிபந்தனைதான்.

ஆங்கிலப் புத்தகங்கள் கண்ணைப் பறித்தன. ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ சிறுபான்மையாக வாழும் பிள்ளையின் கதை. நோன்பு வைத்திருப்பதை வகுப்பில் சொல்லக் கூச்சப்படும் ஒரு சிறுமி, முக்காடு போட்டுப் பள்ளிக்குப் போகத் தயங்கும் இன்னொருத்தி. இங்கே நிலைமை தலைகீழ். பள்ளிவாசலின் தொழுகை அழைப்பான பாங்கு கேட்டு வளர்ந்தவர்கள் என் பிள்ளைகள். நோன்பு மாத உணவுச் சந்தையான பஸார் ரமலானில் எந்தக் கடையில் என்ன நன்றாக இருக்கும் என்பது என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும்.

மலாய்ப் புத்தகங்களோ குவிந்து கிடந்தன. அவை முஸ்லிம் பிள்ளைகளுக்கென்றே எழுதப்பட்டவை: ஒளு செய்வது (தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவுவது) எப்படி, தொழுவது எப்படி. அவர்கள் வீட்டுக்கு நல்ல புத்தகங்கள், எங்கள் அலமாரிக்குப் பொருந்தாது. திருக்குர்ஆன் வசனம் அச்சான புத்தகங்களையும் எடுக்கவில்லை. எங்கள் பிள்ளைகள் தரையில் படுத்துக்கொண்டு, புத்தகத்தைக் காலடியில் போட்டுப் படிப்பவர்கள். பாலைவனமும் ஒட்டகமும் மட்டுமே இருந்தவற்றைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒட்டகம் பார்க்க இஸ்லாம் எதற்கு?

பெருநாளுக்குப் பலகாரம் செய்யும் பாட்டி, பிறை பார்க்க மாடிக்கு ஓடும் அண்ணன் தங்கை என்று பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருக்கும் கதைகளாகச் சிலவற்றை எடுத்துவந்தேன். வாசித்துக் காட்டியபோதுதான் உண்மையான இடைவெளி தெரிந்தது. முஸ்லிம் என்றால் மலாய்க்காரர் என்றே வகுப்பு நினைத்திருந்தது. "மாமாக் கடை அண்ணன் நம்மகிட்ட தமிழ்தானே பேசுறாரு, அவரும் முஸ்லிமா?" என்று ஒருவன் கேட்டான். மாமாக் கடை என்றால் இங்கே இந்திய முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக்கடை. கடையநல்லூரிலிருந்து வந்து இங்கேயே வேர்விட்ட குடும்பங்கள், சூலியா தெருவிலுள்ள நாகூர் தர்கா, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், நோன்பு மாதத்தில் அங்கே கிடைக்கும் கஞ்சி, இவையெல்லாம் ஜார்ஜ்டவுனில் எங்கள் பிள்ளைகள் கடந்துபோகும் வழியிலேயே இருக்கின்றன. தமிழ் பேசும் முஸ்லிம் குழந்தையை வைத்து ஒரு படப் புத்தகம் எனக்குக் கிடைக்கவே இல்லை.

சரி, கதையாவது தமிழிலிருந்து வரட்டும் என்று சீறாப்புராணத்துக்குப் போனேன். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை 17-ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் பாடிய காப்பியம், 5,000-க்கும் மேற்பட்ட பாடல்கள். அதில் மானுக்குப் பிணை நின்ற படலம் சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தது போல இருக்கிறது. வேடனிடம் சிக்கிய பெண்மான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகள் நாயகம் பிணை நிற்கிறார். மான் சொன்ன சொல் தவறாமல், குட்டியோடு திரும்பி வருகிறது.

இதை வைத்து வகுப்பிலேயே ஒரு புத்தகம் செய்தோம். இஸ்லாமிய மரபில் நபியை உருவமாக வரைவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் பேசும் பக்கங்களில் எழுத்து மட்டும். மற்றதெல்லாம் மான், குட்டி, வலை, வேடன். வேடனுக்கு எல்லாரும் பெரிய மீசை வைத்தார்கள்.

கடைசிப் பக்கம்தான் விவாதமானது. காப்பியத்தில் வேடன் இறுதியில் இஸ்லாத்தைத் தழுவுகிறான். பெற்றோர் சங்கடப்படுவார்கள், அதை மட்டும் விட்டுவிடலாமே என்றார் ஒரு சக ஆசிரியை. அவர் பயம் எனக்கும் புரிந்தது. மதமாற்றம் என்ற பேச்சு இந்நாட்டில் எளிதில் புண்படுத்தும். ஆனால் திருநாவுக்கரசர் சமணத்திலிருந்து சைவத்துக்குத் திரும்பியதை இதே பிள்ளைகளுக்கு நாம் தயங்காமல் சொல்கிறோமே என்றேன். தலைமையாசிரியர் இரண்டு முறை வாசித்துப் பார்த்து, கடைசிப் பக்கத்தோடு சேர்த்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.