பேகம் அக்தரின் உடையும் குரல்

கஸல் என்னும் உருதுக் கவிதைப் பாட்டு என்றால் எனக்கு முதலில் பேகம் அக்தர்தான், மற்றவர்கள் எல்லாம் அப்புறம்.

1914-இல் பைசாபாத்தில் பிறந்தவர். அக்தரி பாய் என்ற பெயரில் மேடை, இசைத்தட்டு, சினிமா என்று கொடிகட்டிப் பறந்தார். 1945-இல் லக்னோ பாரிஸ்டர் இஷ்தியாக் அகமது அப்பாஸியை மணந்ததும் பாட்டே நின்றுபோனது. கிட்டத்தட்ட ஐந்து வருடம்! உடம்பும் மனசும் படுத்துவிட, பாடுவதுதான் மருந்து என்று மருத்துவர்களே சொல்ல வேண்டியதாயிற்று. 1949-இல் லக்னோ வானொலி நிலையத்தில் மறுபடி பாடினார். முடித்ததும் அழுதுவிட்டாராம்.

அவரே ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பாடுவார். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது குரல் சட்டென்று ஒரு கீறல் விழுந்து உடையும். வேறு யாருக்காவது அப்படி ஆனால் அபஸ்வரம் என்போம். இவரிடம் அந்த ஒரு நொடிக்காகவே ரசிகர்கள் காத்திருந்தார்கள். நானும்தான், ஒவ்வொரு முறையும்.

1974 அக்டோபர் 30-இல் அகமதாபாத்தில் காலமானார். பத்மபூஷண் அதற்குப் பிறகுதான் வந்தது. இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டாமா?

இதுவரை கேட்காதவர்கள் ஷகீல் பதாயுனி எழுதிய ‘ஏ மொஹப்பத்’தில் தொடங்குங்கள். ஹெட்போன் அவசியம்.