பின் ஸ்பிரிங்கில் வீணான ஒரு டிராக் நாள்

இன்னும் மனசு ஆறவில்லை. என் 300 சிசி பைக்கின் பின் ஷாக்கில் பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவு) மட்டும்தான் மாற்றலாம், ரீபவுண்ட் (ஷாக் திரும்ப நீளும் வேகம்), கம்ப்ரெஷன் (ஷாக் அமுங்கும் வேகம்) எதையும் மாற்ற முடியாது. இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன்.

முன் ஃபோர்க்கில் பிரச்சினையே வரவில்லை. சற்றுக் கடினமான ஸ்பிரிங், புது எண்ணெய், நான் ஏறி உட்கார்ந்தால் 35 மி.மீ. சேக், அதாவது எடைக்கு பைக் கீழே இறங்கும் அளவு. சரி, முடிந்தது.

பின்பக்கம்தான் படுத்திவிட்டது. மெக்கானிக் முதலில் என்னைச் சாதாரண உடையில் உட்கார வைத்து அளந்தார். சூட், ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் 10 கிலோ வரை ஏறும். நான் வற்புறுத்தியதால் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு திரும்ப அளந்தோம்: 40 மி.மீ. பிரீலோடை இறுக்கி 30-க்குக் கொண்டுவந்தார். அப்புறம் நான் இறங்கியதும் பைக்கின் சொந்த எடைக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தால், சுத்தமாக இறங்கவே இல்லை.

"ஸ்பிரிங் ரொம்பக் கடினம், அதான் இறங்கல. மென்மையா ஒண்ணு போடலாம்" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. போட்டோம்.

அடுத்த டிராக் நாள் (ரேஸ் டிராக்கில் நம் பைக்கை ஓட்டும் நாள்) முழுவதும் அவதி. வளைவிலிருந்து வெளியே வரும்போது திராட்டிலைத் திறந்தால் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும், முன் சக்கரம் லேசாகி பைக் போக வேண்டிய கோட்டிலிருந்து விலகி வெளியே ஓடும். கடுமையாகப் பிரேக் பிடித்தால் பின் ஷாக் முழுக்க நீண்டு முட்டும், சக்கரம் தரையில் தத்தும். மதியத்துக்கு மேல் ஓட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்து பேப்பரில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிரீலோடு ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, பைக்கை உயர்த்திப் பிடிக்கும், அவ்வளவுதான். மென்மையான ஸ்பிரிங் என் எடையைத் தாங்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே நிறைய அழுத்தி வைக்க வேண்டும். அந்த அழுத்தம் பைக்கின் சொந்த எடையை மிஞ்சிவிட்டால், ஆள் இல்லாதபோது பைக் அசையவே அசையாது. ஆளோடு சேக் சரியாக இருந்து ஆளில்லாத சேக் பூஜ்ஜியம் என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. மெக்கானிக் சொன்னதற்கு நேர் எதிர்!

கம்பெனி ஸ்பிரிங்கைவிட ஒரு படி கடினமானதை வாங்கிப் போட்டேன். அதற்கு மேல் போகவில்லை. ஸ்பிரிங் கடினமாக ஆக, மாற்ற முடியாத ரீபவுண்ட் டேம்பிங்கால் அதை அடக்க முடியாமல் போகும். இப்போது ஆளோடு 30, ஆளில்லாமல் 8 மி.மீ.

அளக்க மூன்று பேர் வேண்டும்: உட்கார ஒருவர், பைக்கை நிமிர்த்திப் பிடிக்க ஒருவர், டேப் பிடிக்க ஒருவர். கால்கள் ஃபுட்பெக்கில் (கால் வைக்கும் கட்டையில்) இருக்கட்டும். ஒருமுறை கீழே அழுத்தி மெல்ல விட்டு அளங்கள், ஒருமுறை மேலே தூக்கி மெல்ல இறக்கி அளங்கள், இரண்டுக்கும் சராசரி எடுங்கள். உராய்வால் இந்த இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

போன வாரம் அதே வளைவில் திராட்டிலை முன்பைவிடச் சீக்கிரம் திறந்தேன். பைக் கோட்டிலேயே நின்றது. ஹெல்மெட்டுக்குள் கத்தியே விட்டேன். பிரேக் பிடிக்கும் இடத்திலிருக்கும் மேட்டில் பின் சக்கரம் இன்னும் லேசாகத் துள்ளுகிறது. அதற்கு ரீபவுண்ட் மாற்றக்கூடிய ஷாக்தான் வேண்டும், காசு சேரட்டும்.