காட்பாடியில் ஒரு சாவிக் கையெழுத்துக் கூட்டம்

மடல்களைப் பூட்டி அனுப்ப உதவும் நிரல் ஜிபிஜி. அதில் ஒருவருடைய பொதுச் சாவி அவருடையதுதான் என்று உறுதிசெய்து கையெழுத்துப் போடுவது பெரிய வேலை இல்லை. இருபது பேர் என்றால்தான் கை ஓய்ந்துவிடும். சாவியை இறக்கு, சாவியின் அடையாள எண்ணான ஃபிங்கர்பிரிண்டைச் சரிபார், கையெழுத்துப் போடு, ஏற்றுமதி செய், மடலில் அனுப்பு. இதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

காட்பாடி காந்தி நகரில் நண்பர் வீட்டு மாடியில் கூடினோம். ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். எல்லாருடைய பொதுச் சாவிகளையும் நண்பர் முன்கூட்டியே வாங்கி ஒரே கோப்பில் சேர்த்து, ஃபிங்கர்பிரிண்ட் பட்டியலும் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றும் 40 இலக்கம். ஆளாளுக்கு வாசித்தால் பொழுது போய்விடும். அதனால் பட்டியல் கோப்பின் ஷா-256 மதிப்பை (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் சுருக்கக் குறியீடு) மட்டும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் வீட்டிலேயே கணக்கிட்டு வந்ததோடு ஒத்துப் பார்த்தோம். பிறகு ஒவ்வொருவரும் "என்னுடைய வரி சரி" என்று சொன்னால் போதும்.

அடையாள அட்டை பார்க்கும்போதுதான் நேரம் இழுத்தது. நம் ஊர் இனிஷியல் சும்மா விடுமா? சாவியில் 'மு. செந்தில்', பாஸ்போர்ட்டில் 'செந்தில் முருகேசன்'. அப்பா பெயரோடு இனிஷியல் பொருந்தினால் போடலாம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். குடியாத்தத்துத் தம்பி ஒருவர் சாவியில் இரண்டு அடையாளங்கள் (பெயரும் மடல் முகவரியும் சேர்ந்தது ஓர் அடையாளம்) வைத்திருந்தார், ஒன்றில் வெறும் பட்டப்பெயர். அதை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் போட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் அந்தப் பெயர் எந்த அட்டையிலும் இல்லையே, தம்பி.

மீதி வேலையை டெபியன் லினக்ஸின் சைனிங்-பார்ட்டி தொகுப்பிலுள்ள காஃப் என்ற நிரல் பார்த்துக்கொண்டது. முதல்முறை ஓட்டும்போதே அமைப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கித் தருகிறது. அதில் நம் பெயர், மடல் முகவரி, சாவி எண் சரியா என்று பாருங்கள். மடல் அனுப்பக் கணினியில் தனி நிரல் வேண்டும், நான் எம்எஸ்எம்டிபி வைத்துக்கொண்டேன். பட்டியலில் டிக் அடித்தவர்களின் முழு ஃபிங்கர்பிரிண்டுகளை ஒரே வரியில் கொடுத்தேன். எட்டு இலக்கச் சுருக்க எண் வேண்டவே வேண்டாம், அதே எண்ணில் போலிச் சாவி செய்வது எளிது. நம் சாவியின் கடவுச்சொல்லை ஜிபிஜியின் துணை நிரலான ஏஜென்ட் இயல்பாகப் பத்து நிமிடம்தான் நினைவில் வைக்கும். அதைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் ஒவ்வொரு சாவிக்கும் தட்ட வேண்டியதில்லை.

காஃபில் எனக்குப் பிடித்த விஷயம், ஒவ்வொரு முகவரிக்கும் போட்ட கையெழுத்தைத் தனித்தனியாகப் பிரித்து, அந்தச் சாவியாலேயே பூட்டி, அந்தந்த முகவரிக்கே அனுப்புகிறது. மடலும் சாவியும் கையில் இருப்பவர்தான் அதைத் திறக்க முடியும். ஒரு பழைய அலுவலக முகவரிக்குப் போன மடல் திரும்பி வந்தது. அந்தக் கையெழுத்து வெளியே போகாமலே நின்றது, நல்லதுதான்.

எனக்கு வந்த கையெழுத்துகளை இறக்குமதி செய்துவிட்டு, பொதுச் சாவிகளை எல்லாரும் எடுத்துக்கொள்ள வைக்கும் உபுண்டுவின் சாவி சர்வரில் என் சாவியை ஏற்றினேன். கீஸ் டாட் ஓப்பன்பிஜிபி டாட் ஆர்க் என்ற இன்னொரு சாவி சர்வர், பிறர் போட்ட கையெழுத்துகளை வெளியிடாது. 2019-இல் சிலருடைய சாவிகளில் யாரோ ஆயிரக்கணக்கான குப்பைக் கையெழுத்துகளைக் கொட்டிய பிறகு ஜிபிஜியும் சர்வரிலிருந்து இறக்கும்போது பிறர் கையெழுத்துகளை இயல்பாகக் கழித்துவிடுகிறது. ஆகவே கூட்டத்துக்கு வந்தவர்களுக்குச் சாவிக் கோப்பை மடலிலும் அனுப்பிவிட்டேன்.