நான்கு கால்களும் பதினொரு தேநீரும்

வீதியை அகலித்தபோது கழற்றிய எங்கள் சங்கடப்படலையின், அதாவது கூரை போட்ட வாசற்படலையின், பாலைமரத் தூண்களை என்ன செய்வது என்ற வழக்கு, சென்ற மாதம் அம்மாவின் தீர்ப்புடன் முடிவுக்கு வந்தது. விறாந்தையில் போட்டு உட்காருவதற்கு ஒரு வாங்கு வேண்டும், அதன் நான்கு கால்களும் அந்தத் தூண்களிலிருந்தே வரவேண்டும் என்பது தீர்ப்பு. மரம் அறுக்கும் மரக்காலையில் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ஆனால் பழைய மரம் என்றதும் மரக்காலைக்காரர் தூணைச் சுற்றி வந்து, காந்தத்தால் மேலிருந்து கீழாகத் தடவி, இரண்டு இடங்களில் அது ஒட்டிக்கொண்டதும் கையை விரித்துவிட்டார். உள்ளே இருப்பது படலை ஆணியா, துப்பாக்கிச் சன்னமா என்பதில்தான் அவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தம்முடைய வாளின் விலை பற்றி அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

ஆகவே அந்த இரண்டு துண்டுகளையும் கைவாளால் அறுத்து ஒதுக்கிவிட்டு, மிகுதியை நானே கீறுவது என்று துணிந்து, சித்தப்பாவின் மேசை வாளை வெளியே எடுத்தேன். சித்தப்பா கனடாவின் ஸ்காபரோவிலிருந்து கப்பலில் அனுப்பிய பெட்டியில், சொக்லேற்றுக்கும் போர்வைகளுக்கும் நடுவே வந்து இறங்கிய வாள் அது. 10 அங்குல வட்டு, 15 அம்பியர் மோட்டர், 120 வோல்ற். எங்களுடைய மின்சாரம் 230 வோல்ற் என்பது சித்தப்பாவுக்கு மறந்துவிட்டதா, அல்லது ஊரில் இருப்பவர்கள் எதையும் சமாளிப்பார்கள் என்ற நம்பிக்கையா என்று கேட்க யாருக்கும் துணிவு வரவில்லை. சும்மா வந்த வாளுக்காக, இரண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய 3000 வாற்று மின்மாற்றி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினோம்.

மாம்பலகையை அந்த வாள் வாழைத்தண்டு போல அரிந்தது. பாலை வேறு சாதி. அது தண்ணீரில் போட்டால் மிதக்காமல் தாழும் மரம். வன்னியிலிருந்து வரும் பாலைப்பழத்தை அளவுக்கு மிஞ்சித் தின்றவர்களுக்கு, இரண்டு உதடுகளும் பாலில் ஒட்டிக்கொண்டு பேச முடியாமல் போகும் அனுபவம் இருக்கும். பழம் வாய்க்குச் செய்வதை மரம் வாளுக்குச் செய்தது. இரண்டே முக்கால் அங்குலத் தடிப்பில் ஓரடி கூடப் போயிருக்காது, கூவிக்கொண்டிருந்த வாள் முனகத் தொடங்கி, மரத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. இப்படி நின்றால் அந்தக் கணமே சுவிட்சை அணைக்க வேண்டும். சுற்ற முடியாத மோட்டருக்குள் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் செப்புச் சுற்றுகள் கருகிவிடும். அணைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, அம்மா தேநீரும் ஒரு துண்டுப் பனங்கட்டியுமாக நின்றார். தாய்மனம் எப்படித்தான் அறிகிறதோ என்று நினைத்துக்கொண்டே குடித்தேன்.

ஒழுங்கையில் ஒரு இயந்திரம் நின்றுபோனால் அதற்கு வைத்தியம் பார்க்க ஆள் தேட வேண்டியதில்லை. முதலில் வந்தவர் முன்வீட்டு மாமா. மோட்டர் சுற்ற வட்டு மட்டும் நின்றால் பெல்ற் வழுக்குகிறது, இரண்டும் சேர்ந்து நின்றால் சுமை கூடிவிட்டது என்பது பொதுவான கணக்கு. மாமா அதன் முதற்பாதியை மட்டும் எங்கோ கேட்டிருந்தார். ஆகவே பெல்ற்றை இறுக்கச் சொன்னார். இந்த வாளில் பெல்ற்றே இல்லை, மோட்டரே பற்சில்லு வழியாக வட்டைச் சுற்றுகிறது என்று நான் திறந்து காட்டியபோது, சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அதுதான் பிழை" என்று தீர்த்துவைத்தார்.

தச்சு வேலை செய்யும் ஓடாவியார் அப்படிப்பட்டவர் அல்லர். அவர் வாளைத் தொடவே இல்லை. வட்டின் பற்களை மட்டும் எண்ணினார். 60 பல். குறுக்கே அறுத்தால் விளிம்பு பிசிரில்லாமல் வருவதற்கு அது நல்லது. நாரோட்டத்தின் வழியே தடித்த மரத்தைக் கீறுவதற்கு 24 பல் போதும் என்றார். பல் கூடக்கூட இடைவெளி சிறுக்கும், மரத்தூள் வெளியேற இடமில்லாமல் அங்கேயே திணிந்துபோகும், பிறகு வாள் வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும் என்பது அவருடைய விளக்கம். "உனக்கும் தம்பி, பல்லு அதிகம்" என்று அவர் போகும்போது சொன்னது வாளைப் பற்றியதுதானா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். துவிச்சக்கர வண்டியில் யாழ் நகருக்குப் போய் 24 பல் வட்டு வாங்கி வந்து பூட்டினேன். முன்னேற்றம் தெரிந்தது: ஓரடியில் நின்ற வாள் இரண்டடியில் நின்றது. தேநீர் வந்தது.

அன்றிரவு வட்ஸ்அப்பில் சித்தப்பா தோன்றினார். அங்கே காலை நேரம், குளிர்ச்சட்டையோடு கட்டிலில் இருந்தபடியே, நான் பிடித்த கைபேசிக் கமரா வழியாக முழு வாளையும் பரிசோதித்தார். மரத்தை அணைத்துத் தள்ளும் இரும்புச் சட்டம் வட்டுக்குச் சமாந்தரமாக இருக்கிறதா என்று முன்பல்லிலும் பின்பல்லிலும் அளக்கச் சொன்னார். அளந்தேன், பின்பக்கம் 2 மில்லிமீற்றர் நெருங்கியிருந்தது. மரம் உள்ளே போகப்போக வட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் நெரிபட்டிருக்கிறது. அத்துடன் வட்டின் பின்னால் நிற்கவேண்டிய மெல்லிய தகடு, கீறிய வாய் மூடிக்கொண்டு வட்டைப் பிடிக்காமலும் மரத்தைத் திருப்பி நம் மேல் எறியாமலும் காக்கும் தகடு, பெட்டியின் அடியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. அதற்காக நான் வாங்கிய ஏச்சை இங்கே எழுதுவதற்கில்லை. சித்தப்பா ஊரில் இருந்த காலத்தில் தென்னையோலை வெட்டிய கத்தியைக்கூடத் திருப்பி வைத்தவர் அல்லர் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

சட்டத்தை நேராக்கி, தகட்டைப் பூட்டி, தூணின் பாதி ஆழத்தை ஒரு முறையும் புரட்டிப் போட்டு மறுபாதியை ஒரு முறையுமாக, அவசரப்படாமல் தள்ளினேன். முதலாவது கால் முழுதாக வந்தது. இரண்டாவதில் மறுபடியும் நின்றது. தேநீர் வந்தது. அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, 1990இல் போரால் மின்சாரம் அறுந்த பிறகு தாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்ட கதையைத் தொடங்கினார். மின்சாரம் இருந்தும் நான்கு கால் வெட்ட முடியாத தலைமுறை என்பது கதையின் சாரம். அந்த டைனமோவைச் சுற்றியது பெரும்பாலும் அம்மாதான் என்பதைக் குசினிக்குள் இருந்து ஒரு குரல் திருத்தியது.

என்னை வதைத்தது வாள் நின்றது அல்ல, ஒழுங்கில்லாமல் நின்றது. அதே மரம், அதே தடிப்பு, அதே கை. ஒரு முறை வெட்டும், அடுத்த முறை நிற்கும். விடை கோழிக்குஞ்சுகளிடமிருந்து கிடைத்தது. கொட்டிலின் மூலையில் அவற்றின் சூட்டுக்காக ஒரு பழைய 60 வாற்றுக் குமிழ் எரிந்துகொண்டிருக்கும். ஒன்பதாவது முறை வாள் முனகத் தொடங்கியபோது குஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின. பார்த்தால் குமிழ் மங்கிச் சிவந்துபோயிருந்தது. மல்ரிமீற்றரை எடுத்து வந்தேன். வாள் ஓடாதபோது 224 வோல்ற். மரத்தைத் தள்ளும்போது 212. இது குற்றமில்லை. அப்படியே பிடித்துக்கொண்டிருக்க, யாரோ தள்ளிவிட்டதுபோல் 196க்கு விழுந்தது. 196 வந்தால் மின்மாற்றியின் மறுபக்கத்தில் 120க்குப் பதிலாக 102தான் கிடைக்கும். அந்த வலுவோடு பாலைமரத்தை வெட்டப் போவது, பட்டினி கிடந்தவனைத் தேர் இழுக்க விடுவதற்குச் சமம்.

வாளை நிறுத்திவிட்டு, வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். அது கொட்டிலைத் தாண்டி, கிணற்றடியைச் சுற்றி, குசினி யன்னலால் உள்ளே போய், சுவரிலிருந்த இரட்டைப் பிளக்கில் முடிந்தது. இரட்டையின் மற்றப் பக்கத்தில், அக்கா லண்டனிலிருந்து கொண்டுவந்த கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. அடியைத் திருப்பிப் படித்தேன்: 3000 வாற்று. வாள் கேட்பதை விட ஒன்றரை மடங்குக்கு மேல். மின்பலகையிலிருந்து குசினிக்கு வரும் வயரோ அப்பா கலியாணம் கட்டிய காலத்து மெல்லிய வயர். நடுவில் ஒரு மூட்டு கறுத்திருந்தது. பியூஸ் ஏன் போகவில்லை என்று திறந்து பார்த்தால், அடிக்கடி போகிறது என்று அப்பா எப்போதோ தடித்த கம்பியைச் சுற்றி வைத்திருந்தார். வீடு எரியாமல் தப்பியதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கனடாவும் லண்டனும் எங்கள் குசினிச் சுவரில் ஒரே வயரைப் பிடித்து இழுபறிப்பட்டிருக்கின்றன.

வாள் நின்றதால் தேநீர் வருகிறது என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். தேநீர் வருவதற்காகவே வாள் நின்றிருக்கிறது. வாளின் சத்தம் கேட்டதும், பிள்ளை வேலையைத் தொடங்கிவிட்டான் என்று அம்மா கேத்தலைப் போட்டிருக்கிறார். வேறு வேலையில் மறந்துபோன முறைகளில்தான் மரம் வெட்டுப்பட்டது.

மின்சார வேலை தெரிந்த பெடியன் ஒருவனைப் பிடித்து, கறுத்த மூட்டை வெட்டிப் புது வயர் இழுத்து, பியூஸையும் முறையாகப் போட்டாயிற்று. கொட்டிலுக்குத் தனி வழி எடுக்க அடுத்த மாதம்தான் வருவானாம். அதுவரை கேத்தலையும் வாளையும் ஒன்றாகப் போடக்கூடாது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? பதினொரு தேநீரும் பிழை என்று சொல்ல நா எழவில்லை. வாளைத் தொடர்ந்து ஓட்டினால் சூடாகிவிடும், பத்து மணிக்கும் நான்கு மணிக்கும் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும், அந்த நேரத்தில் தேநீர் கிடைத்தால் நல்லது என்று ஒரு பொய்யைக் கட்டினேன். அம்மா உடனே ஒப்புக்கொண்டார். "குளிர்நாட்டில இருந்து வந்ததெல்லே, இந்த வெயில் தாங்காது, பாவம்" என்றார்.

நேற்று நான்காவது காலை வெட்டிக்கொண்டிருக்கும்போது, பத்து மணியாக இன்னும் அரை மணி நேரம் இருக்க, அம்மா தேநீருடன் வந்துவிட்டார். என் கண் நேரே குமிழுக்குப் போனது. அது மங்கவில்லை, வாளும் முனகவில்லை. குவளையை வாங்கினால் புகை மணந்தது. விறகடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீர். கேத்தலுக்கு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"அதுவும் குளிர்நாட்டில இருந்து வந்ததுதானே தம்பி" என்றார். "கொஞ்சம் ஆறட்டும் எண்டு விட்டனான்."